மிதவாதியும் தீவிரவாதியும்: தொடக்ககாலக் காங்கிரசின் விவாதச் சொற்களை மொழிபெயர்த்தல்

முன்னுரை

'1907ஆம் ஆண்டு சூரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் மிதவாதிகளுக்கும் தீவிரவாதிகளுக்கும் இடையே மோதல் ஏற்பட்டது.' தமிழில் எழுதப்பட்ட இந்திய விடுதலைப் போராட்ட வரலாறுகள் பலவற்றில் இக்கருத்துடைய வாக்கியத்தைக் காணலாம். மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பொன்றில் இதனை எடுத்துக்காட்டாகக் கொடுத்தபோது, இளைய மாணவர் ஒருவர் 'மாநாட்டுக்குள் தீவிரவாதிகள் எவ்வாறு நுழைந்தனர்?' என வினவினார். வகுப்பு நகைத்தது. எனினும் அம்மாணவரின் வினாவில் பிழை ஏதுமில்லை. அவர் அறிந்த தமிழில் 'தீவிரவாதி' என்பது ஆயுதம் தாங்கியவரைக் குறிக்கும் சொல். அச்சொல்லைக் கொண்டு பாலகங்காதர திலகரையும் லாலா லஜபதி ராயையும் விபின் சந்திர பாலரையும் குறிக்கும் வாக்கியமே அவரை அவ்வினாவிற்கு இட்டுச் சென்றது.

காங்கிரசின் தொடக்ககால விவாதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தவை. அவற்றின் சொற்கள் இந்திய மொழிகளுக்குள் வந்தபோதே சில பொருள் மாற்றங்களுக்கு உள்ளாயின. வந்தபின் கடந்த ஒரு நூற்றாண்டில் இந்திய மொழிகளிலும் அவற்றின் பொருள் பெயர்ந்தது. இவ்விரட்டை மாற்றத்தைக் கருதாது மொழிபெயர்ப்பவர், விவாதத்தின் ஒரு தரப்புக்குத் தாமறியாமலே தீர்ப்பு வழங்கிவிடுகிறார். இதனைச் சில சொற்களின் வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அமைப்பும் அதன் பெயர்ச்சொற்களும்

காங்கிரஸ் தோன்றுவதற்கு முன்பே மாகாணங்களில் பொதுநலச் சங்கங்கள் இயங்கி வந்தன. புனாவில் 1870இல் சார்வஜனிக சபையும், கல்கத்தாவில் 1876இல் இந்தியச் சங்கமும், சென்னையில் 1884இல் மகாஜன சபையும், பம்பாயில் 1885இல் மாகாணச் சங்கமும் நிறுவப்பெற்றன. இப்பெயர்களே ஆராயத்தக்கவை. 'பொதுமக்கள்' என்னும் கருத்தைக் குறிக்க மராத்தியர் 'எல்லா மக்களுக்கும் உரிய' எனப் பொருள்படும் 'சார்வஜனிக' என்பதைக் கொண்டனர். சென்னையார் 'மகாஜனம்' என்பதைக் கொண்டனர். குஜராத்தியில் 'மகாஜன்' என்பது வணிகர் குழுவைக் குறிக்கும். தென்னாட்டுக் கல்வெட்டுகளில் 'மகாஜனங்கள்' என்பார் பிரமதேயத்துப் பிராமணப் பெருமக்கள். ஒரு குழுவுக்குரிய பழஞ்சொல்லைப் பொதுமக்கள் அனைவருக்கும் உரியதாக விரித்ததே 1884இல் நிகழ்ந்த பொருள்மாற்றம். காங்கிரசுக்குத் தமிழில் வழங்கிய 'மகாசபை' என்னும் பெயரும் இவ்வகையதே. சோழர் காலத்தில் அது பிராமணர் ஊரவையின் பெயர்.

காங்கிரசின் முதற் கூட்டம் 1885 டிசம்பர் 28 முதல் 31 வரை பம்பாயில், கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் நடைபெற்றது. புனாவில் நடைபெற வேண்டியது, அங்குக் காலரா பரவியதால் இடம் மாறியது. உமேஷ் சந்திர பானர்ஜி தலைமை தாங்கினார். ஓய்வுபெற்ற சிவில் சர்வீஸ் அதிகாரியான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அமைப்புப் பணியைச் செய்தார். வந்த பிரதிநிதிகள் 72 பேர். முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சென்னையைச் சேர்ந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். இரண்டாண்டுகளில், 1887இல் பத்ருதீன் தையப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மாநாட்டில், பிரதிநிதிகளின் எண்ணிக்கை 600ஐக் கடந்தது. அம்மாநாட்டில்தான் தீர்மான வரைவுகளை முன்கூட்டி ஆராயும் குழு முறையாக அமைக்கப்பட்டது. தமிழ் இதழ்கள் அதனை 'விஷயாலோசனைக் கமிட்டி' என வழங்கின. தலைவருக்கு 'அக்கிராசனர்' என்பது அன்றைய வழக்கு.

சென்னை மாநாட்டை ஒட்டி இரு மொழி நிகழ்ச்சிகள் குறிப்பிடத்தக்கன. ஒன்று, தஞ்சாவூரிலிருந்து வந்த கைவினைஞர் ஒருவர் மேடையில் தமிழிலே பேசியது. மற்றொன்று, எம். வீரராகவாசாரியார் காங்கிரசைப் பற்றித் தமிழில் எழுதிய வினா விடை நூல். கிறித்தவ சமயப் பணியாளரும், பின்னர் ஆறுமுக நாவலரும் சமயக் கல்விக்குப் பயன்படுத்திய வினா விடை வடிவத்தை அரசியல் கல்விக்குப் பயன்படுத்தியது இந்நூல். மாநாட்டில் ஆங்கிலத்தில் அடக்கமாக ஒலித்த கருத்துகள் வினா விடையாக மக்கள் மொழியில் ஊருக்குள் சென்றபோது ஆட்சியாளருக்கு அச்சம் தோன்றியது. வடமேற்கு மாகாணத் துணை ஆளுநர் ஆக்லண்ட் கால்வின் 1888இல் ஹியூமுக்கு எழுதிய கடிதத்தில் இத்தகைய சிறுநூல்களைக் கண்டித்தார். கருத்து ஒன்றாயினும் மொழியும் வடிவமும் மாறியபோது ஆட்சியாளர் அதனை வேறாக மதித்தனர் என்பதற்கு இது தொடக்கச் சான்று.

2. விண்ணப்பம், பிரார்த்தனை, கிளர்ச்சி

தொடக்ககாலக் காங்கிரசின் செயல்முறையைக் குறிக்க ஆங்கில வரலாற்று நூல்களில் வழங்கும் தொடரைத் தமிழில் 'பிரார்த்தனை, மனு, கண்டனம்' எனப் பெயர்ப்பது பெருவழக்கு. இதில் 'பிரார்த்தனை' என்பது நுணுகி நோக்கத்தக்கது. ஆங்கிலச் சட்ட வழக்கில் 'பிரேயர்' என்பது மனுவின் ஒரு பகுதி. மனுதாரர் தாம் வேண்டும் பரிகாரம் இன்னதென வகுத்துரைக்கும் பகுதி அது. நம் வழக்கறிஞர்கள் இன்றும் தமிழ்ப் பேச்சினிடையே அச்சொல்லை இப்பொருளிலேயே ஆள்கின்றனர். காங்கிரசின் முதல் தலைமுறையினருள் வழக்கறிஞர் மிகப்பலர்; அவர்களுடைய தீர்மான நடை மனுவின் நடையே. தமிழில் 'பிரார்த்தனை' என்றவுடன் கோயிலும் கூப்பிய கையும் தோன்றுகின்றன. சட்டமுறைக் கோரிக்கை, மண்டியிட்ட இறைஞ்சலாகிவிடுகிறது.

இம்மாற்றம் தற்செயலானதன்று. ஆங்கிலச் சொல்லிலேயே இருபொருள் உண்டு. எதிர்த்தரப்பார் அதனைப் பயன்கொண்டனர். 1893–94இல் அரவிந்தர் 'இந்து பிரகாஷ்' இதழில் எழுதிய கட்டுரைத் தொடர் காங்கிரசின் போக்கைக் கடுமையாகத் திறனாய்ந்தது. பின்னர்ப் புதிய தலைமுறையினர் இம்முறையைப் 'பிச்சையெடுத்தல்' என இகழ்ந்தனர். ஆகவே, கோகலேயின் கூற்றை மொழிபெயர்க்குமிடத்துக் 'கோரிக்கை' என்றும், அவரை இகழ்வோர் கூற்றை மொழிபெயர்க்குமிடத்து 'இறைஞ்சல்' என்றும் வேறுபடுத்துதல் தகும். 'விண்ணப்பம்' என்னும் சொல் இடைநிலைப்பட்டது. மன்னன் முன்னும் இறைவன் முன்னும் ஒருங்கே வழங்கிய சொல்லாதலின், இருபொருளையும் பேண வேண்டிய இடத்திற்கு அது பொருந்தும்.

இதற்கு மறுதலையான சிக்கல் 'அஜிடேஷன்' என்பதில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது கூட்டம், இதழ், மனு ஆகியவற்றின் வழிப் பொதுமக்கள் கருத்தைத் திரட்டுவதைக் குறித்தது. தமிழில் அதற்கு அமைந்த 'கிளர்ச்சி' இன்று 'கிளர்ச்சியாளர் நகரைக் கைப்பற்றினர்' என்பது போன்ற செய்திகளில் ஆயுத எழுச்சியைக் குறிக்கிறது. 'கான்ஸ்டிட்யூஷனல்' என்னும் அடையை 'அரசியலமைப்பு வழி' எனப் பெயர்ப்பதும் காலவழுவாகும். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பையே தமிழ் வாசகர் நினைப்பார். அன்று அச்சொல் குறித்தது சட்ட வரம்புக்கு உட்பட்ட முறை என்பதையே. 1899இல் லக்னோவில் ஏற்கப்பட்ட அமைப்புவிதிகள் இச்சொல்லைக் காங்கிரசின் நோக்கத்துள் சேர்த்தன. ஆகவே இருசொற்களும் சேர்ந்த தொடரைச் 'சட்ட வரம்புக்குட்பட்ட பொதுக்கருத்துத் திரட்டல்' என விரித்தெழுதுவது நீளமாயினும் பிழையற்றது.

3. சூரத்தில் பிரித்த சொற்கள்

1905 அக்டோபர் 16இல் வங்காளம் பிரிக்கப்பட்டது. அதற்கு முன், ஆகஸ்டு 7இல் கல்கத்தா நகர மண்டபத்தில் கூடிய கூட்டம் அயல்நாட்டுப் பொருள்களை விலக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆங்கிலத்தில் 'பாய்காட்' என்பது அப்போது கால்நூற்றாண்டு வயதே உடைய சொல். 1880இல் அயர்லாந்துக் குடியானவர்கள் பாய்காட் என்னும் பண்ணை மேலாளரை விலக்கிவைத்ததனால் பிறந்தது. இந்திய மொழிகள் இதற்குப் 'பகிஷ்காரம்' என்னும் சொல்லைத் தந்தன. அது புதுச்சொல்லன்று. சாதியிலிருந்து ஒருவரை நீக்கிவைப்பதைக் குறித்த பழஞ்சொல். அயல்நாட்டுத் துணி விற்றோர்க்குப் புரோகிதரும் நாவிதரும் வண்ணாரும் பணிசெய்ய மறுத்த நிகழ்ச்சிகள் வங்கத்தில் நடந்தன. ஆங்கிலத்தில் பொருளாதார நடவடிக்கையாக விளங்கிய சொல், பெயர்ப்பில் சமூக விலக்கின் வலிமையையும் பெற்றது என்பது இங்குக் கருதத்தக்கது. இன்றைய 'புறக்கணிப்பு' அவ்வலிமையைத் தருவதில்லை. எனவே அக்காலத்தைப் பற்றி எழுதுமிடத்துப் 'பகிஷ்காரம்' என்பதையே ஆளுதல் நன்று.

1906 டிசம்பரில் தாதாபாய் நௌரோஜி தலைமையில் கல்கத்தாவில் கூடிய மாநாடு சுயாட்சி, பகிஷ்காரம், சுதேசியம், தேசியக் கல்வி என நான்கு பொருள்கள் குறித்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. இரு தரப்பாரும் அவற்றை ஏற்றனர். ஏனெனில் ஒவ்வொரு தரப்பும் தத்தமக்கேற்ற பொருளைக் கொள்ள அவற்றின் சொற்கள் இடந்தந்தன. பகிஷ்காரத் தீர்மானம் வங்காளத்தில் தொடங்கிய 'பகிஷ்கார இயக்கம்' நியாயமானதே என்றது. 'இயக்கம்' என்பதால் அது பொருள்களோடு நில்லாது அரசின் கல்விக்கூடம், பதவி ஆகியவற்றுக்கும் விரியும் எனப் பாலர் விளக்கினார். மற்றைத் தரப்பார் அதனை மறுத்தனர். அவர்களுக்கு அது வங்காளத்திற்கு மட்டும், அயல்நாட்டுப் பொருள்களுக்கு மட்டும் உரிய நடவடிக்கை.

அடுத்த ஆண்டு நாகபுரியில் கூடவிருந்த மாநாடு சூரத்துக்கு மாற்றப்பட்டது. அங்கு முன்வைக்கப்படவிருந்த வரைவில், 'பகிஷ்கார இயக்கம்' என்பது 'அயல்நாட்டுப் பொருள் பகிஷ்காரம்' எனச் சுருங்கியிருந்தது. சுதேசியத் தீர்மானத்தில் 'ஓரளவு இழப்பை ஏற்றேனும்' என்னும் கருத்துடைய தொடர் விடுபட்டிருந்தது. இவ்விடுபாடு வேண்டுமென்று செய்யப்பட்டதன்று எனக் கோகலே தரப்பில் விளக்கம் தரப்பட்டது. திலகர் தரப்பினர், கல்கத்தாவில் பெற்றதைச் சூரத்தில் பறிக்க முயல்வதாக இதனைக் கண்டனர். தலைவர் தேர்வு பற்றிய பிணக்கும் இதனோடு சேர்ந்தது. டிசம்பர் 26இல் தொடங்கிய கூட்டம் மறுநாள் நாற்காலிகள் பறக்கக் கலைந்தது. எறியப்பட்ட மராத்திய மிதியடி ஒன்று சுரேந்திரநாத் பானர்ஜி மீதும் பிரோஸ்ஷா மேத்தா மீதும் பட்டதாக வரலாறு கூறும். மிதியடியையும் நாற்காலியையும் எல்லா நூல்களும் நினைவுகூர்கின்றன. மோதலுக்கு அடிப்படையாக இருந்த சொல் வேறுபாட்டைத் தமிழ் நூல்கள் பல விட்டுவிடுகின்றன. மூல வரைவின் 'இயக்கம்' என்னும் சொல்லை இன்றியமையாததெனக் கருதாத மொழிபெயர்ப்பாளர் அதனைப் 'பகிஷ்காரம்' என்று சுருக்கிவிட்டால், பிளவின் காரணமே வாசகருக்குப் புலப்படாது.

பிளவுக்குப்பின் 1908 ஏப்ரலில் அலகாபாத்தில் ஒரு தரப்பார் கூடிப் புதிய அமைப்புவிதிகளை வகுத்தனர். பேரரசின் தன்னாட்சி நாடுகளுக்கு உள்ளதை ஒத்த ஆட்சிமுறையைச் சட்ட வரம்புக்குட்பட்டு அடைதல் என்னும் நோக்கை ஒவ்வொரு பிரதிநிதியும் எழுத்துமூலம் ஏற்க வேண்டும் என அவை விதித்தன. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கிய 'கிரீட்' என்பது சமயச்சொல். கிறித்தவத் தமிழில் 'விசுவாசப் பிரமாணம்' எனப்படுவது. வெறுமனே 'கொள்கை' எனப் பெயர்த்தால், ஏற்போர் உள்ளே, ஏலாதோர் வெளியே என்னும் எல்லைக்கோடு மறைந்துவிடும்.

4. இரு தரப்பின் பெயர்கள்

இவ்விரு தரப்புகளுக்கும் ஆங்கிலத்தில் வழங்கிய 'மாடரேட்', 'எக்ஸ்ட்ரீமிஸ்ட்' என்பன பெரும்பாலும் பிறரிட்ட பெயர்கள். திலகர் தரப்பினர் தம்மைப் 'புதிய கட்சி' என்றும் 'தேசியவாதிகள்' என்றும் அழைத்துக்கொண்டனர். 1907 ஜனவரி 2இல் கல்கத்தாவில் திலகர் ஆற்றிய உரையில் இப்பெயர்களையே ஆராய்ந்தார். இவை காலத்தைச் சார்ந்த சொற்கள் என்பதும், இன்று ஒரு பெயரைப் பெறுவோர் நாளை மற்றதைப் பெறுவர் என்பதும் அவர் வாதம். பொருள் மாற்றம் பற்றிய இவ்வுணர்வு ஓர் அரசியல் தலைவரிடம் வெளிப்பட்டமை வியத்தற்குரியது.

இப்பெயர்களை இந்திய மொழிகள் பெயர்த்த முறை ஒப்பீட்டுக்குரியது. இந்தியில் 'நரம் தள்', 'கரம் தள்' என்பன வழங்குகின்றன. மென்மை, வெம்மை என்னும் தொடுவுணர்வு உருவகம் இது. மராத்தியில் 'மவாள்', 'ஜஹால்'. மென்மைக்கு எதிராக இங்கு உக்கிரம் நிற்கிறது. வங்காளியில் 'நரம்பந்தி', 'சரம்பந்தி'. முதற்பெயர் மென்மையையும் இரண்டாவது இறுதி எல்லையையும் குறிக்க, இரண்டும் வழி செல்வோர் என்னும் ஈறு பெறுகின்றன. கன்னடத்தில் 'மந்தகாமி', 'தீவ்ரகாமி'. இலக்கு ஒன்றே, நடையின் விரைவே வேறு என்பது இவ்வுருவகத்தின் உட்கிடை. தெலுங்கில் 'மிதவாதி', 'அதிவாதி'. மலையாளத்திலும் தமிழிலும் 'மிதவாதி', 'தீவிரவாதி'.

இவ்வுருவகங்கள் ஒவ்வொன்றும் வரலாற்றுக்கு ஒரு விளக்கத்தைத் தருகின்றன. கன்னடச் சொற்களைக் கொண்டு சிந்திப்பவர் இருதரப்பாரையும் ஒரே பாதையில் காண்பார். வங்காளிச் சொற்களைக் கொண்டு சிந்திப்பவர்க்கு வழிகளே வேறு. தமிழ், தெலுங்கு, மலையாளச் சொற்கள் வேறுபாட்டைக் கோட்பாட்டில் வைக்கின்றன.

தமிழில் இவையே தொடக்கமுதல் நிலைபெற்றிருந்தன எனக் கருதுதல் பொருந்தாது. சூரத் மாநாட்டிற்கு வ.உ. சிதம்பரம் பிள்ளையுடன் சென்றுவந்த சுப்பிரமணிய பாரதி, ஒரு தரப்பார் மற்றைத் தரப்பின் தலைவரை நோக்கிச் சொல்லுவதாக அமைத்த பாடலொன்றின் தலைப்புக்குறிப்பில் 'புதிய கட்சி', 'நிதானக் கட்சி' என்னும் பெயர்களை ஆள்கிறார். 'புதிய கட்சி' அத்தரப்பார் தமக்கிட்டுக்கொண்ட பெயர். 'நிதானம்' என்பது வடமொழியில் காரணத்தைக் குறிக்கும் சொல். தமிழில் அமைதி, பதற்றமின்மை என்னும் பொருள் பெற்றது. அவர்களை எள்ளுதற்கும் மதித்தற்கும் ஒருங்கே இடந்தரும் சொல் அது. இச்சொற்கள் வழக்கொழிந்தமை தமிழ் வரலாற்று நடைக்கு இழப்பே எனலாம்.

5. '-வாதி' என்னும் ஈறும் பொருள் இறுக்கமும்

'-வாதி' தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையில் அளவைவாதி, சைவவாதி, வேதவாதி, பூதவாதி எனச் சமயக் கொள்கையினர் பலர் இவ்வீற்றால் குறிக்கப்படுகின்றனர். அங்கு அது கொள்கையை எடுத்துரைத்து வாதிடுபவர் என்னும் பொருளது. நீதிமன்ற வழக்கில் 'வாதி', 'பிரதிவாதி' என்பனவும் உரைத்தலையே அடிப்படையாகக் கொண்டவை. இப்பின்னணியில் 'தீவிரவாதி' எனின், தன் கருத்தைக் கடுமையாக எடுத்துரைப்பவன் என்பதே சொல்லமைப்புத் தரும் பொருள். அவ்வகையில் திலகருக்கு அது பொருந்திய பெயரே.

1980களில் பஞ்சாபிலும் இலங்கையிலும் நிகழ்ந்த ஆயுதப் போராட்டங்களைப் பற்றித் தமிழ் நாளிதழ்கள் நாள்தோறும் எழுத நேர்ந்தது. 1985இலும் 1987இலும் இயற்றப்பெற்ற 'தடா' சட்டங்களால் 'பயங்கரவாதம்' அரசு வழக்கில் ஊன்றியது. செய்திநடையில் 'தீவிரவாதி', 'பயங்கரவாதி' என்னும் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கத் தொடங்கின. விளைவாக, 'தீவிரவாதி' உரைப்பவனைக் குறித்தல் நீங்கி, செயலால் அச்சுறுத்துபவனைக் குறிப்பதாயிற்று.

இம்மாற்றம் 'தீவிர' என்னும் அடையைத் தாக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. 'தீவிர சிகிச்சைப் பிரிவு', 'தீவிர ரசிகர்', 'தீவிர ஆலோசனை' என்பவற்றில் ஆயுதச் சாயல் இல்லை. 'மிதவாதி' என்பதிலும் '-வாதி' இழிபொருள் தருவதில்லை. இரண்டு உறுப்புகளும் தனித்தனியே மாறாதிருக்க, அவற்றின் கூட்டு மட்டும் பொருளில் இறுகிவிட்டது. ஆகவே தீர்வும் எளிது. கூட்டைப் பிரித்து இடையில் ஒரு சொல்லைப் புகுத்தினால் பழைய பொருள் மீள்கிறது. தமிழ்நாட்டு மேல்நிலை வரலாற்றுப் பாடநூல் 'தீவிர தேசியவாதம்' என எழுதுவது இம்முறையே. அத்தரப்பார் தமக்கிட்டுக்கொண்ட 'தேசியவாதி' என்னும் பெயரும் இதில் அமைந்துவிடுகிறது.

இது சொல்லாராய்ச்சியோடு முடியும் செய்தியன்று. விபின் சந்திராவும் பிறரும் ஆங்கிலத்தில் எழுதி 1988இல் வெளியான விடுதலைப் போராட்ட வரலாறு, பகத்சிங் முதலியோரைக் குறிக்கப் 'புரட்சிகரப் பயங்கரவாதம்' என்னும் கருத்துடைய தொடரை ஆண்டிருந்தது. எழுதப்பட்ட காலத்து வரலாற்றியலில் அது வகைப்பாட்டுச் சொல். அதன் இந்திப் பெயர்ப்பில் இத்தொடர் நேருக்குநேர் இடம்பெற்றது. 2016இல் எதிர்ப்பு எழ, தில்லிப் பல்கலைக்கழகம் அப்பெயர்ப்பின் விநியோகத்தை நிறுத்தியது. சொல் பெயர்ந்த இடைக்காலத்தைக் கணக்கிற் கொள்ளாமையின் விலையை ஒரு நூல் முழுவதுமாகச் செலுத்த நேர்ந்தது.

6. சுயராஜ்யம்: வரையறுக்கப்படாத சொல்லின் பயன்

1906இல் நௌரோஜி தம் தலைமையுரையில் 'சுயராஜ்' என்னும் சொல்லைக் காங்கிரஸ் மேடைக்குக் கொணர்ந்தார். மராத்தியர் ஆட்சி ஆவணங்களில் அது தம் நேரடி ஆட்சிக்குரிய நிலப்பகுதியைக் குறித்த சொல். நௌரோஜி அதனை ஐக்கிய இராச்சியத்திலோ குடியேற்ற நாடுகளிலோ உள்ளது போன்ற ஆட்சி என விளக்கினார். பாலரும் அரவிந்தரும் அயலாட்சியிலிருந்து முற்றும் விடுபட்ட நிலையைக் கொண்டனர். 1909இல் காந்தி குஜராத்தியில் எழுதிய 'இந்து சுயராஜ்யம்', தன்னையே ஆளுதல் என்னும் ஒழுக்கப் பொருளையும் அதனோடு சேர்த்தது. அந்நூலை அவரே ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அயர்லாந்து அரசியலில் பழகிய 'ஹோம் ரூல்' என்னும் தொடரைத் தலைப்பிற் கொண்டார். மூல ஆசிரியரே மொழிபெயர்ப்பாளராகியும் சொல்லின் ஒழுக்கப் பொருள் தலைப்பில் ஏறவில்லை.

1920இல் நாகபுரியில் காங்கிரசின் நோக்கம் 'சுயராஜ்யம்' என மாற்றப்பட்டபோது, அது பேரரசுக்குள்ளா வெளியிலா என்பது வரையறுக்கப்படவில்லை. மாளவியாவும் ஜின்னாவும் இத்தெளிவின்மையைச் சுட்டினர். காந்திக்கு அத்தெளிவின்மையே வேண்டியிருந்தது. பல தரப்பாரையும் ஒன்றாக வைத்திருக்க அது உதவியது. 1929 டிசம்பரில் லாகூர் மாநாடு, அமைப்புவிதியிலுள்ள 'சுயராஜ்யம்' என்னும் சொல் முழு விடுதலையைக் குறிக்கும் எனத் தீர்மானம் இயற்றியது. ஒரு சொல்லுக்குப் பேரவை வாக்கெடுத்துப் பொருள் வரையறுத்த அரிய நிகழ்ச்சி இது.

ஆகவே 1929க்கு முற்பட்ட உரைகளில் இச்சொல்லை 'விடுதலை' என்றோ 'தன்னாட்சி' என்றோ பெயர்ப்பவர், பேரவை இருபத்துமூன்று ஆண்டுகள் தீர்க்காது வைத்ததைத் தாமே தீர்த்துவிடுகிறார். 'தன்னாட்சிக் கல்லூரி' என வழங்கும் இந்நாளில் அச்சொல்லின் எல்லை மேலும் சுருங்கிவிட்டது. 'சுயராஜ்யம்' என்பதை மாற்றாது வைப்பதே நேர்மையாகும். பெயர்க்காது விடுதலும் மொழிபெயர்ப்பாளர் செய்யும் முடிவே.

7. எதிர்த்திசை: இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற்கு

இதுகாறும் ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களைக் கண்டோம். எதிர்த்திசையில் மொழிபெயர்ப்பின் விளைவு இன்னும் கொடிதாயிருந்தது. அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870இல் சேர்க்கப்பட்ட 124அ பிரிவு, அரசின்மீது 'டிஸ்அஃபெக்ஷன்' விளைவித்தலைக் குற்றமாக்கியது. 1897இல் திலகர்மீது நடந்த வழக்கில் நீதிபதி ஸ்ட்ரேச்சி, அச்சொல்லுக்கு அன்பின்மை எனப் பொருள்கொண்டார். அடுத்த ஆண்டு பிரிவு திருத்தப்பட்டு, விசுவாசமின்மையும் பகையுணர்வும் அதனுள் அடங்கும் என விளக்கம் சேர்க்கப்பட்டது. தமிழில் இதனை 'அதிருப்தி' எனப் பெயர்த்தால், விலைவாசியைக் குறைகூறுவோரும் அதனுள் அடங்குவர். 'துவேஷம்' எனின் பொருள் சுருங்கும்.

1908இல் 'கேசரி' இதழில் வந்த மராத்திக் கட்டுரைகளுக்காகத் திலகர் மீண்டும் வழக்குக்கு உள்ளானார். நடுவர் குழுவினர் ஒன்பதின்மருள் எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்சியர். அவர்கள்முன் இருந்தது மூலமன்று, அரசு மொழிபெயர்ப்பு. தம் வழக்கைத் தாமே நடத்திய திலகர், அரசு மொழிபெயர்ப்பாளரைக் குறுக்கு விசாரணை செய்து, சொல் சொல்லாக அப்பெயர்ப்பை மறுத்தார். புதிய அரசியல் கருத்துகளுக்கு மராத்தியில் சொற்கள் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு சொல்லுக்கு அகராதியிலுள்ள கடும்பொருளைக் கொள்வதா, இடம் தரும் மென்பொருளைக் கொள்வதா என்பதே வாதம். எழுவர் குற்றவாளி என்றனர், இருவர் மறுத்தனர். ஆறாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றுத் திலகர் மண்டலே சென்றார். அதே ஜூலைத் திங்களில் திருநெல்வேலியில் வ.உ.சி. தண்டனை பெற்ற வழக்கிலும் அவருடைய தமிழ்ப் பேச்சுகள் பற்றிய காவல்துறைக் குறிப்புகளே சான்றாயின.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்க நெறிகள் சில பெறப்படுகின்றன. முதலாவது, ஒரு குழுவின் பெயரைப் பெயர்க்குமுன், அது தாமிட்டதா பிறரிட்டதா என அறிதல் வேண்டும். பிறரிட்டதாயின் அதனை ஆசிரியர் கூற்றாக எழுதாது வழங்கிய பெயராகக் காட்டல் வேண்டும். இரண்டாவது, மூலத்தில் வேண்டுமென்றே விடப்பட்ட தெளிவின்மையைப் பெயர்ப்பில் நீக்கலாகாது. மூன்றாவது, ஒரு சொல்லின் பொருளை அகராதியில் மட்டுமன்றி, அது இன்று எச்சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதனாலும் அறிதல் வேண்டும். நான்காவது, காலத்தால் பொருள் பெயர்ந்த சொல்லை ஆளவேண்டியிருப்பின், முதல் வருமிடத்திலேயே ஒரு வாக்கியத்தால் விளக்கிவிடல் வேண்டும்.

பாரதி ஓரிடத்தில் 'மெம்பர்' என்பதற்குத் தமிழ் தேடி, அவயவி, அங்கத்தான், சபிகன், உறுப்பாளி எனப் பலவற்றை எண்ணிப்பார்த்து, ஒன்றும் மனத்துக்குப் பொருந்தாமையால் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டதைக் கூறுகிறார். பிற்காலத்தார் 'உறுப்பினர்' என்பதைக் கண்டனர், அது நிலைபெற்றது. 'எக்ஸ்ட்ரீமிஸ்ட்' என்பதற்கு இந்நிலை இன்னும் வாய்க்கவில்லை. 'தீவிர தேசியவாதி' இப்போதைக்குத் தக்கதெனத் தோன்றுகிறது. ஆயினும் திலகர் கூறியவாறு இவை காலத்தைச் சார்ந்த சொற்களாதலின், அடுத்த தலைமுறை மொழிபெயர்ப்பாளர் இதனையும் மீள ஆராய வேண்டியிருக்கும். வகுப்பில் அம்மாணவர் எழுப்பிய வினாவை அதன் தொடக்கமாகக் கொள்ளலாம்.